தண்ணீர்மலைத் தைப்பூசமும் சமய ஆய்வும்: மாணவர் அறிய வேண்டிய ஆறு வகைச் சான்றுகள்

"உன் ஊரில் நடக்கும் ஒரு சமய நிகழ்வை ஆராய்ந்து எழுது" என்று இடுபணி கொடுத்தால், பினாங்குப் பிள்ளைகள் பலர் தைப்பூசத்தைத்தான் எடுப்பார்கள். முதல் பக்கத்தில் முருகன் வேல் வாங்கிய கதை இருக்கும். அடுத்து காவடியின் வகைகள். நடுவில் இணையத்திலிருந்து எடுத்த ஐந்தாறு படங்கள். கடைசியில், "தைப்பூசம் நம் பண்பாட்டின் சின்னம், அதைக் கட்டிக்காப்போம்" என்று ஒரு வரி.

இதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது? தண்ணீர்மலைப் பக்கமே போகாத ஒரு பிள்ளை, ஜொகூரில் உட்கார்ந்துகொண்டு இதே கட்டுரையை எழுதிவிடலாம். நம் பிள்ளையோ மூன்று நாளும் அங்கேயே நின்றிருப்பான், அப்பா காவடி எடுத்திருப்பார், அம்மா பால்குடம் தூக்கியிருப்பார். அவன் பார்த்தது எதுவும் கட்டுரையில் இல்லை. ஏன்? பார்த்ததையும் கேட்டதையும் சான்றாக மாற்றும் முறையை நாம் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. அந்த முறையைப் பினாங்கு எடுத்துக்காட்டுகளோடு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சமயக் கல்வி வேறு, சமய ஆய்வு வேறு

சமய வகுப்பில் "முருகனை எப்படி வழிபட வேண்டும்?" என்று கேட்கிறோம். சமூக அறிவியலில் "மக்கள் முருகனை எப்படி வழிபடுகிறார்கள், ஏன் இந்த இடத்தில், எந்தக் காலத்திலிருந்து, யார் செலவில்?" என்று கேட்கிறோம். இரண்டாவது கேள்வி முதலாவதை மறுப்பதில்லை. முருகன் அருள் உண்மையா பொய்யா என்று ஆய்வாளர் தீர்ப்புச் சொல்வதில்லை. அந்தக் கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு, மனிதர்கள் செய்வதையும் சொல்வதையும் ஆராய்கிறார்.

இந்தத் துறைக்கு வழி வகுத்தவர்களில் மூவரை மாணவர்கள் அறிந்திருந்தால் போதும். ஜெர்மானியரான மாக்ஸ் வெபர், சமயக் கருத்துகள் பொருளியல் நடத்தையை எப்படி மாற்றுகின்றன என்று 1904–05இல் எழுதினார். பிரான்சின் எமில் துர்கைம், சமயம் ஒரு கூட்டத்தை ஒன்றாகக் கட்டி வைக்கிறது என்று 1912இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். அந்த நூல் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளைப் பற்றியது. ஆனால் துர்கைம் ஆஸ்திரேலியாவுக்குப் போனதே இல்லை. பிறர் எழுதிய அறிக்கைகளை வைத்தே எழுதினார். மூன்றாமவர் புரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி. இவர் முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக்கில் உள்ள திரோபிரியாந்து தீவுகளில் நீண்ட காலம் தங்கி, அந்த மக்களின் மொழியைக் கற்று, அவர்களோடு வாழ்ந்து எழுதினார். இதைத்தான் "பங்கேற்று உற்றுநோக்கல்" என்கிறோம்.

ஆவணத்தைப் படித்து எழுதுவதா, களத்துக்குப் போய் எழுதுவதா? இரண்டும் தேவை. இனி ஒவ்வொரு வகைச் சான்றாகப் பார்ப்போம்.

1. அரசு ஆவணங்கள்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கிய காலந்தொட்டு காலனித்துவ அரசு எழுதி வைத்தது ஏராளம். ஆனால் அரசு சமயத்தைப் பற்றி எப்போது எழுதுகிறது என்று கவனிக்க வேண்டும்.

1867 ஆகஸ்டில் ஜார்ஜ்டவுனில் பெரிய கலவரம் நடந்தது. சிவப்புக் கொடி, வெள்ளைக் கொடி என்ற இரண்டு முஸ்லிம் குழுக்கள் இருந்தன. முஹர்ரம் ஊர்வலங்களோடு தொடர்புடைய இந்தக் குழுக்களில் மலாய்க்காரர்களும், ஜாவி பெக்கான் எனப்பட்டவர்களும், தென்னிந்திய முஸ்லிம்களும் இருந்தார்கள். வெள்ளைக் கொடி கீ ஹின் என்ற சீன இரகசியச் சங்கத்தோடும், சிவப்புக் கொடி தோ பெ கோங் சங்கத்தோடும் சேர்ந்துகொண்டன. அரசு விசாரணைக் குழு அமைத்தது. 1868இல் அறிக்கை வந்தது. பலருடைய வாக்குமூலங்கள் பதிவானதால், அன்றைய பினாங்கு மக்கள் வாழ்க்கையை அறிய அது இன்றும் உதவுகிறது.

ஆனால் அந்த விசாரணையின் கேள்வி ஒன்றுதான்: "சண்டையை யார் ஆரம்பித்தது?" முஹர்ரம் ஊர்வலத்தில் நடந்தவர் மனத்தில் என்ன பக்தி இருந்தது, வீட்டில் பெண்கள் என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதனால் பதிலும் இல்லை.

இன்னொரு எடுத்துக்காட்டு, 1905ஆம் ஆண்டின் முகமதிய, இந்து சமய அறக்கட்டளைச் சட்டம். பள்ளிவாசல், கோயில் சொத்துகளை மேற்பார்வையிட வாரியம் அமைக்க அது வழி செய்தது. இன்றைய பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இந்த வகைக் கோப்புகளில் நிலம், வாடகை, கணக்கு, நிர்வாகச் சச்சரவு எல்லாம் கிடைக்கும். வழிபாடு கிடைப்பது அரிது.

ஆக, கலவரமோ காசோ வரும்போதுதான் அரசு ஆவணம் கோயில் பக்கம் திரும்புகிறது. அமைதியாக நடந்த நூறு திருவிழாக்களுக்குக் கோப்பு இருக்காது. மாணவர் இதை ஒரு வரியாவது எழுதினால், சான்றை மதிப்பிடத் தெரிந்தவர் என்று திருத்துபவர் அறிவார்.

2. பத்திரிகைகள்

பத்திரிகை அன்றன்று எழுதப்படுவது. அதனால் நாள், இடம், கூட்டம் பற்றி நல்ல தகவல் கிடைக்கும். ஆனால் பத்திரிகைக்கும் ஒரு கொள்கை உண்டு.

1929 டிசம்பரில் தந்தை பெரியார் மலாயா வந்தபோது பினாங்கில்தான் கப்பலிலிருந்து இறங்கினார். சுயமரியாதை இயக்கத்தின் கருத்துகள் இங்கே வேகமாகப் பரவின. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய "தமிழ் முரசு" சீர்திருத்தக் குரலாக ஒலித்தது. அலகு குத்துவது, தீ மிதிப்பது போன்றவற்றைச் சீர்திருத்தவாதிகள் கடுமையாகக் கண்டித்தார்கள். ஆங்கிலப் பத்திரிகைகளோ பெரும்பாலும் ஒரு வேடிக்கையைப் பார்ப்பது போலவே காவடியை வருணித்தன.

ஒரு பத்திரிகைக்குக் காவடி மூடநம்பிக்கை, இன்னொன்றுக்கு அது வேடிக்கை. காவடி எடுத்தவர் என்ன நினைத்தார்? தோட்டத்திலிருந்து ரயிலேறி வந்த தொழிலாளி பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருக்க வாய்ப்புக் குறைவு. எனவே பத்திரிகைச் செய்தியை எடுக்கும்போது, யார் நடத்திய பத்திரிகை, யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதணும்.

3. கட்டடங்களும் பொருள்களும்

எழுத்தில்லாத சான்றுகளும் உண்டு. ஜார்ஜ்டவுனில் குவீன் ஸ்திரீட்டில் 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம். சற்று நடந்தால் 1801இல் காதர் முகைதீன் அமைத்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சூலியா ஸ்திரீட்டில் நாகூர் ஆண்டவர் நினைவாக எழுந்த தர்கா. நகருக்கு வெளியே வாட்டர்ஃபால் சாலையில் 1857இல் கட்டி முடிக்கப்பட்ட நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில். அதற்கு அருகே குன்றின்மேல் 513 படிகளுக்கு மேலே, 2012இல் குடமுழுக்குக் கண்ட புதிய பாலதண்டாயுதபாணி ஆலயம்.

இவற்றை வரைபடத்தில் குறித்துப் பார்க்கச் சொல்லுங்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வணிகர்களும் படகுத் தொழிலாளர்களும் வழிபட்ட இடங்கள்; தள்ளி, மலையடிவாரத்தில் நகரத்தார் கோயில். இந்த இரண்டு பகுதிகளையும் ஆண்டுக்கு ஒரு முறை இணைப்பது தைப்பூச இரதம். செட்டியார்களின் வெள்ளி இரதம் 1894இல் இந்தியாவிலிருந்து வந்தது. அது பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து புறப்படுகிறது. 2017 முதல் இந்து அறப்பணி வாரியத்தின் தங்க இரதமும் மாரியம்மன் ஆலயத்திலிருந்து மலைக்கோயிலுக்குப் போகிறது. இரதம் எந்தத் தெருவில் புறப்படுகிறது, எங்கே நிற்கிறது, யார் வீட்டு வாசலில் அர்ச்சனை வாங்குகிறது என்பதெல்லாம் ஒரு சமூகத்தின் வரலாறு.

பினாங்கின் தமிழ் முஸ்லிம்களைப் பற்றி 2014இல் வந்த கூ சல்மா நசுத்தியோனின் "தி சூலியா இன் பினாங்" நூல் இந்த முறைக்கு நல்ல சான்று. பள்ளிவாசலைச் சுற்றியுள்ள வக்பு நிலம், தெரு, குடும்பம், ஆவணம் எல்லாவற்றையும் இணைத்து ஒரு சமூகத்தின் கதையை அவர் மீட்டெடுத்தார். 2008இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்ததால், இத்தகைய கட்டடங்களுக்கு அருகிலேயே தகவல் பலகைகள் இருக்கின்றன. பலகையைப் படிப்பது தொடக்கம் மட்டுமே. பலகை எழுதியவரும் ஒரு சான்றைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்.

4. கள ஆய்வு

ஆய்வாளர்கள் நேரே வந்து பார்த்தபோது என்ன நடந்தது? ஒரே விழாவைப் பற்றி வெவ்வேறு விடைகள் கிடைத்தன.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய உளவியலாளர் கொலீன் வார்ட், 1984இல் மலேசியத் தைப்பூசம் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அருள் வருதல், உடலை வருத்துதல் ஆகியவற்றை உளவியலும் மானுடவியலும் சேர்ந்த பார்வையில் ஆராய்ந்தார். 1988இல் ரொனால்ட் சைமன்ஸ், ஃபிராங்க் எர்வின், ரேமண்ட் பிரின்ஸ் ஆகியோர் அருள் நிலைக்குப் பக்தர்கள் பயிற்சி பெறும் விதத்தை உடலியல் நோக்கில் எழுதினார்கள். இவர்களுடைய ஆய்வுகளுக்கு அடிப்படையான கேள்வி, "மனத்திலும் உடம்பிலும் என்ன நடக்கிறது?" என்பது.

எலிசபெத் ஃபுல்லர் காலின்ஸ் பினாங்கில் கள ஆய்வு செய்து, 1997இல் "பியர்ஸ்ட் பை முருகன்ஸ் லான்ஸ்" என்ற நூலை வெளியிட்டார். சடங்கு, அதிகாரம், அறநெறி மீட்சி என்ற சொற்கள் அதன் துணைத் தலைப்பிலேயே வருகின்றன. அவர் கேள்வி வேறு: "நேர்த்திக்கடன் வைக்கும் மனிதர் சமூகத்தில் எந்த இடத்தில் நிற்கிறார்?" இரதத்தை நடத்தும் வணிகரும், அலகு குத்தி வரும் தொழிலாளியும், அலகு வேண்டாம் என்று சொல்லும் படித்தவரும் ஒரே விழாவில்தான் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு விழாவின் பொருள் ஒன்றல்ல.

கார்ல் வடிவேல்லா பெல் ஆஸ்திரேலியர். தூதரக அதிகாரியாக மலேசியா வந்தவர், பின்னர் தாமே பலமுறை காவடி எடுத்தார். அவருடைய தைப்பூச நூல் 2017இல் வந்தது. பெரும்பாலும் பத்துமலையை வைத்து எழுதப்பட்டாலும், முறை நமக்கு முக்கியம்: வெளியே நின்று பார்த்தவர் உள்ளே போய் எழுதியது அது.

இவர்களில் யார் சரி? இப்படிக் கேட்பதே பொருந்தாது. "வலிக்கலையா?" என்று கேட்டவருக்கு உடலைப் பற்றிய விடை கிடைத்தது. "யார், எதற்காக?" என்று கேட்டவருக்குச் சமூகத்தைப் பற்றிய விடை கிடைத்தது. கேள்வி மாறினால் கண்ணில் படுவதும் மாறும். ஆகவே மாணவர் கட்டுரையின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது முருகன் கதை அல்ல, தம் கேள்வி.

5. எண்கள்

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் இந்துக்கள் 6.1 விழுக்காடு. இந்த எண் பயனுள்ளது. ஆனால் தைப்பூச முன்னாள் காலையில் இரதம் வரும் பாதையில் நின்று பாருங்கள். சாலையில் குவிந்து கிடக்கும் தேங்காய்களில் பெரும்பங்கு சீனர்கள் உடைத்தவை. சீனக் கடைக்காரர்கள் குடும்பத்தோடு வந்து இரதத்துக்கு முன்னால் உடைக்கிறார்கள். காவடி எடுக்கும் சீனர்களும் உண்டு.

கணக்கெடுப்புப் படிவத்தில் ஒருவருக்கு ஒரு சமயம்தான். அந்தச் சீனர் தம்மைப் பௌத்தர் என்று சொல்லியிருக்கலாம், தாவோ என்று சொல்லியிருக்கலாம். முருகனுக்குத் தேங்காய் உடைத்தது எந்தக் கட்டத்திலும் வராது. பினாங்குச் சீனர் சமயத்தை நெடுங்காலம் ஆராய்ந்த ஜீன் டிபர்னார்டி, 2004இலும் 2006இலும் வந்த தம் நூல்களில், வாழ்க்கையில் கலந்து கிடக்கும் இத்தகைய வழிபாட்டை மக்களோடு பழகித்தான் எழுதினார். எண்ணிக்கை "எத்தனை பேர்" என்று சொல்லும். "எப்படி, ஏன்" என்பதற்கு ஆளிடம் போய்க் கேட்கணும்.

மாணவர்கள் வினாநிரல் தயாரிக்கும்போது இரண்டு தவறுகள் வழக்கமாக வருகின்றன. ஒன்று, "நீங்கள் பக்தி உள்ளவரா?" என்பது போன்ற கேள்வி. யார் இல்லை என்பார்? "போன மாதம் எத்தனை தடவை கோயிலுக்குப் போனீங்க?" என்று கேட்டால் ஒப்பிடக்கூடிய விடை வரும். இரண்டாவது, காவடி எடுத்தவர்களை மட்டும் பேட்டி காண்பது. மொட்டை அடிப்பவர், தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுபவர், உருமி அடிக்கும் இளைஞர், விரதச் சாப்பாடு சமைத்த அம்மா, மறுநாள் தெரு கூட்டும் நகராண்மைத் தொழிலாளி எல்லாரும் அந்த விழாவில் இருந்தவர்கள்தான்.

6. வாய்மொழி வரலாறு

மேலே சொன்ன ஆய்வு நூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் உள்ளவை. எழுதியவர்கள் நம் வீட்டுக்கு வெளியே இருந்து வந்தவர்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஒரு குறை இருக்கிறது. தோட்டத்திலிருந்து மாட்டுவண்டியிலோ லாரியிலோ வந்து, பந்தலில் படுத்து, காலையில் காவடி கட்டிய தலைமுறையின் நினைவுகள் தமிழில்தான் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு எழுத அவர்களுடைய பேரப்பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர் யார்? தோட்டங்கள் கைமாறி, கோயில்கள் இடம் மாறி, பாட்டியும் தாத்தாவும் போய்விட்டால், மிஞ்சுவது அரசுக் கோப்பும் ஆங்கில நூலும் மட்டும்தான். பின்னால் வருபவர்கள் நம்மை அவற்றின் வழியாகத்தான் படிப்பார்கள்.

வாய்மொழியிலும் கவனம் வேண்டும். "அந்தக் காலத்துல..." என்று தாத்தா ஆரம்பித்தால், எந்தக் காலம் என்று நிறுத்திக் கேட்கணும். ஆண்டு நினைவில்லை என்றால், "ஜப்பான்காரன் காலத்துக்கு முந்தியா பிந்தியா? மெர்டேக்கா ஆயிடுச்சா?" என்று கேட்டால் காலம் பிடிபடும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடமும், பழைய படத்திலும், கோயில் ரசீதிலும் ஒப்பிட்டுச் சரிபார்க்கணும்.

உள்ளே இருப்பவர் எப்படி ஆராய்வது?

"நானே முருக பக்தன். நான் எப்படி நடுநிலையாக எழுதுவது?" என்று மாணவர் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. உள்ளே இருப்பவருக்கு மொழி தெரியும், ஆட்கள் தெரியும், "சாமி வந்திருச்சு" என்பதற்கும் "மயங்கிட்டான்" என்பதற்கும் வேறுபாடு தெரியும். அதே சமயம், பழகிப்போனதாலேயே அவர் கேட்க மறக்கும் கேள்விகளும் உண்டு. எலுமிச்சம்பழம் எதற்கு, ஏன் மஞ்சள் துணி என்று வெளியாள் கேட்பார். நாம் கேட்க மாட்டோம். தீர்வு எளிது. "நான் இக்குடும்பத்தைச் சேர்ந்தவன், இந்தப் பந்தலில் வேலை செய்தேன்" என்று தம் நிலையை முன்னுரையில் எழுதிவிட்டு, தமக்குப் பிடிக்காத விடையையும் மறைக்காமல் பதிவு செய்ய வேண்டும்.

நெறிமுறையும் உண்டு. அனுமதி கேட்டுத்தான் பேட்டி, பதிவு, படம். அருள் வந்த நிலையில் இருப்பவரால் அனுமதி தர முடியாது. அவர் தெளிந்த பிறகு கேட்க வேண்டும். "இதை எழுதாதேம்மா" என்று ஒருவர் சொன்னால் எழுதக்கூடாது. நோய், கடன், குடும்பத் துயரம் எனத் தனிப்பட்ட காரணத்தால் வைத்த நேர்த்தியைச் சொல்பவரின் பெயரை மாற்றி எழுதுவதே நல்லது.

ஒரு மாதிரித் திட்டம்

தலைப்பைச் சிறிதாக்குங்கள். "பினாங்கில் தைப்பூசம்" மிகப் பெரிது. "எங்கள் குடியிருப்பினர் நடத்தும் தண்ணீர்ப் பந்தல்: தொடக்கமும் மாற்றமும்" என்று வைத்துக்கொள்வோம்.

கேள்வி: பந்தலை யார், ஏன் தொடங்கினார்கள்? இன்று யார் நடத்துகிறார்கள்?

சான்றுகள்: பழைய படங்கள், பதாகையில் உள்ள ஆண்டு, வரவு செலவு நோட்டு, அனுமதிக் கடிதம் (ஆவணம்), தொடங்கியவர்களில் இருவர், இன்றைய இளைஞர் இருவர், பந்தலுக்கு வந்த மற்ற இனத்தவர் ஒருவர் (நேர்காணல்), விழா நாளில் இரண்டு மணி நேரக் குறிப்பு (உற்றுநோக்கல்), அந்த இரண்டு மணி நேரத்தில் வந்தவர் எண்ணிக்கை (எண்).

ஒப்பீடு: நோட்டில் உள்ள ஆண்டும் பெரியவர் சொன்ன ஆண்டும் பொருந்துகின்றனவா? பொருந்தாவிட்டால் அதையும் எழுதுங்கள்.

முடிவு: கண்டது என்ன, எதை இந்த ஆய்வால் சொல்ல முடியாது என்ற இரண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. முதன்மைச் சான்று, இரண்டாம் நிலைச் சான்று ஆகியவற்றைப் பினாங்குச் சமய வரலாற்றிலிருந்து எடுத்துக்காட்டுடன் விளக்குக.

2. 1867 கலவர விசாரணை அறிக்கை, சமய வாழ்க்கையை அறிய எந்த அளவுக்கு உதவும்? அதன் பயனையும் குறையையும் மதிப்பிடுக.

3. கணக்கெடுப்பு எண்களால் மட்டும் பினாங்கின் சமய வாழ்க்கையை அறிய முடியாது. இக்கூற்றைச் சீனர்களின் தைப்பூசப் பங்கேற்பைக் கொண்டு விவாதிக்க.

4. உங்கள் வட்டாரத்துக் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் அல்லது தர்கா ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு கேள்வியும் மூன்று வகைச் சான்றுகளும் கொண்ட ஆய்வுத் திட்டம் தயாரிக்க.

நான்காம் வினாவை ஆசிரியர்கள் வகுப்பறையோடு நிறுத்திவிட வேண்டாம். அடுத்த தைப்பூசத்துக்கு முன்பே மாணவர்கள் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் உட்காரட்டும். கேட்டதை நாளும் இடமும் குறித்துத் தமிழில் எழுதி, பள்ளி நூலகத்தில் ஒரு கோப்பாகச் சேர்த்து வைத்தால், அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு அது முதன்மைச் சான்றாகும்.